ஹாபிட்டை ஒரே படமாக வெட்டினால் ஆசோக்கை என்ன செய்வது?

கத்தரிக்கோல்:
பீட்டர் ஜாக்சனின் ஹாபிட் மூன்று பாகங்களையும் நாலு, நாலேகால் மணி நேரத்துக்குள் "நாவல் பதிப்பு" என்ற பெயரில் ஒரே படமாக வெட்டிக்கொண்டிருக்கிறேன். திரையரங்கில் வந்த மூன்றும் சேர்ந்தால் 474 நிமிடம். நாவலோ பிள்ளைகளுக்காக எழுதியது, மொத்தமே 19 அத்தியாயம். டோல் குல்டுர் கோட்டைக் காட்சிகளைத் தூக்கியாச்சு. நாவலிலும் மந்திரவாதி கேண்டால்ஃப் காட்டு வாசலில் விடைபெற்றுக்கொண்டு போய்க் கடைசியில்தான் திரும்புகிறார், அதனால் இடையில் அவரை யாரும் தேட மாட்டார்கள்.

சிக்கியது ஆசோக்கிடம். மறந்தவர்களுக்காக: அந்த ஒற்றைக் கை வெள்ளை ஓர்க். நாவலாசிரியர் டோல்கீன் கணக்குப்படி, குள்ளர்கள் மலையை மீட்கப் போகும் இந்தப் பயணம் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே போரில் செத்தவன். படத்தில் அவனைப் பிழைக்க வைத்துத் துரத்த விட்டிருக்கிறார்கள். மொத்தமாக எடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் முதல் பாக முடிவில், எரியும் மரங்களுக்கு நடுவே குள்ளர்களின் தலைவன் தோரின் அவனிடம் அடிபட்டு விழும்போது நம் ஹாபிட் பில்போ குறுக்கே பாய்ந்து காப்பாற்றுகிறான். அதனால்தான் அடுத்த காட்சியில் பாறை உச்சியில் தோரின் அவனைக் கட்டிக்கொள்கிறான். ஆசோக் இல்லையென்றால் அந்த அணைப்புக்குக் காரணமே இல்லை. அணைப்பு இல்லையென்றால் கடைசியில் தோரின் சாகும்போது பில்போ ஏன் அப்படி உடைந்து அழுகிறான் என்று பார்க்கிறவர்களுக்குப் புரியாது.

அதனால் அந்த ஒரு காட்சிக்காக அவனை வைத்துக்கொள்ளப் போகிறேன். திட்டுகிறவர்கள் வரலாம்.

நூல்புழு:
வந்துவிட்டேன். "நாவல் பதிப்பு" என்று பெயர் வைத்துவிட்டு நாவலில் செத்தவனை உயிரோடு கொண்டுவருவது என்ன நியாயம்? நாவலில் குள்ளர்களின் மதிப்பை பில்போ கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பாதிக்கிறான். பூதக் குகையிலிருந்து தனியாகத் தப்பி வருகிறான், சிலந்திகளிடமிருந்து தோரின் தவிர்த்த பன்னிரண்டு பேரையும் மீட்கிறான், எல்ஃபுகளின் சிறையிலிருந்து பீப்பாயில் தப்பும் யோசனையும் அவனுடையது. வாள் எடுத்து எதிரி மேல் பாய்ந்து வீரனாவது அந்தக் கதையின் குணமே இல்லை. 2012 ஜூலை வரை இது இரண்டு படமாகத்தான் திட்டமிடப்பட்டிருந்தது. மூன்றாகப் பிரித்ததும் இந்த மரக்காட்சி முதல் பாகத்தின் கிளைமாக்ஸ் ஆகிவிட்டது. நீங்கள் மூன்றையும் ஒன்றாக்கும்போது ஒரு மணி நேரத்தில் வரும் அந்த கிளைமாக்ஸ் எதற்கு?

கத்தரிக்கோல்:
சிலந்திக் காட்சியை எடுத்துப் பாருங்கள் நண்பரே. படத்தில் பில்போ சிலந்திகளோடு போராடி முடிப்பதற்குள் எல்ஃபுகள் வந்து இறங்கிவிடுகிறார்கள். குள்ளர்கள் அவனுக்கு நன்றி சொல்ல ஒரு ஷாட் கிடையாது. எடுக்காத ஷாட்டை நான் எங்கே போய்த் தேடுவேன்? நாவலில் இருக்கிற நியாயம் எனக்கும் தெரியும், என் டைம்லைனில் அது இல்லை.

பாசிட்டிவ் ரீல்:
பல வருடம் எடிட்டிங் அறையில் உதவியாளனாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். நீங்கள் செய்வதை எடிட்டிங் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எடிட்டர் கையில் ரஷ், அதாவது எடுத்த மொத்தப் படச்சுருளும் இருக்கும். ஒரே காட்சிக்கு எட்டு டேக் இருக்கும், பயன்படுத்தாத க்ளோசப் இருக்கும். இயக்குநரிடம் போய், "சார், இந்த இடத்தில் ஒரு பார்வை வேண்டும்" என்று கேட்டால் ஒட்டுவேலையாக எடுத்துத் தருவார். உங்களிடம் இருப்பது தைத்து முடித்த சட்டை. அதைப் பிரித்து வேறு சட்டை தைக்கிறீர்கள், துணி வாங்க வழியில்லை. ஜாக்சன் ஒரு மௌனத்தை மூன்று விநாடி விட்டிருக்கிறார் என்றால் அது அதற்கு முந்தைய பத்து நிமிடத்துக்கான கணக்கு. அந்தப் பத்து நிமிடத்தை எடுத்துவிட்டு மௌனத்தை மட்டும் வைத்தால் நடிகர் வசனத்தை மறந்து நிற்கிற மாதிரி இருக்கும்.

கத்தரிக்கோல்:
அண்ணா, அந்தக் கட்டுப்பாடுதான் இதில் எனக்குப் பிடித்தது. ஜாக்சனிடமும் எல்லாம் இருந்ததா என்ன? கியர்மோ டெல் டோரோ 2010இல் விலகியதும் படம் இவர் தலையில் விழுந்தது. போதிய முன்தயாரிப்பு இல்லாமல் படப்பிடிப்புக்குப் போனதை டிஸ்க்கோடு வந்த தயாரிப்பு ஆவணப்படத்தில் அவரே வெளிப்படையாகச் சொல்கிறார். கடைசிப் போரை எப்படி எடுப்பது என்று தெளிவாகாமல் அதைத் தள்ளிவைத்து 2013இல் எடுத்தார்கள். அவருடைய சமரசங்கள் மேல்தான் நான் என் சமரசங்களை அடுக்குகிறேன்.

பாசிட்டிவ் ரீல்:
அவருடைய சமரசத்துக்குக் கீழே அவர் கையெழுத்து இருக்கிறது தம்பி. உங்களுடையதற்கும் கீழே அவர் கையெழுத்துதான் இருக்கும், அதுதான் எனக்கு உறுத்துகிறது.

வெண்ணிலா:
ஆசோக் இருக்கட்டும், எல்ஃப் காவல் படைத் தலைவி டாரியல் என்ன ஆனாள்? இந்த மாதிரி வெட்டுகள் எல்லாவற்றிலும் முதலில் காணாமல் போவது அவள்தான். நாவலில் வாய் திறந்து பேசும் பெண் ஒருத்தி கிடையாது. படத்தில் ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள், ரசிகர்கள் உடனே கத்தரியைத் தூக்குகிறார்கள். முக்கோணக் காதல் வேண்டாம் என்ற நிபந்தனையோடுதான் இவாஞ்சலின் லில்லி ஒப்புக்கொண்டார், கூடுதல் படப்பிடிப்புக்கு அழைத்தபோது அதுவே வந்து நின்றது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். காதலை எடுங்கள், தாராளமாக. காவல் படைத் தலைவியை எதற்கு எடுக்க வேண்டும்?

கத்தரிக்கோல்:
நீங்கள் சொல்கிற மாதிரி செய்யத்தான் பார்த்தேன். நடக்கவில்லை. எப்படி என்று விவரமாகவே சொல்கிறேன்.

பீப்பாய்க் காட்சியில் மதகைத் திறக்கப் போகும் கீலியின், அதாவது டாரியலின் மனம் சாயும் குள்ளனின், காலில் ஆசோக்கின் மகன் போல்க் விஷ அம்பு எய்கிறான். அந்தக் காயத்தால் கீலியை ஏரி நகரத்தில் விட்டுவிட்டு தோரின் மலைக்குப் போகிறான். அண்ணன் ஃபீலி தம்பியோடு தங்குகிறான். ஓயின் வைத்தியம் பார்க்கத் தங்குகிறான். போஃபுர் தூங்கிப் படகைத் தவறவிடுகிறான். ஆக மலைக் கதவு திறக்கும்போது அங்கே ஒன்பது பேர்தான். நாவலில் பதின்மூன்று பேரும் போகிறார்கள். டாரியல் ஏரி நகரத்துக்கு வருவதே கீலியைக் குணப்படுத்த. அவளை எடுத்தால் காயம் ஆறாது. காயத்தை எடுத்தால் நாலு பேர் மலையில் ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், டிராகன் ஸ்மாக் ஊரைக் கொளுத்தியபின் அந்த நாலு பேரும் ஏரிக்கரையிலிருந்து மலைக்கு வருவது அபத்தமாக இருக்கும்.

கடைசியில் நான் செய்தது: அம்பு இருக்கிறது, விஷம் இல்லை. நொண்டுகிறவனைத் தோரின் விட்டுவிட்டுப் போகிறான், அவ்வளவுதான். வீட்டுக்குள் நடக்கும் ஓர்க் சண்டை, மூலிகை, நட்சத்திர வசனம் மூன்றும் போய்விட்டன. சிலந்திக் காட்சியிலும் மதகிலும் டாரியல் இருக்கிறாள், வில்லோடு. கீலி சாகும் இடத்தில் அவளும் போல்க்கோடு மோதுவதால் அங்கேயும் வருகிறாள், ஆனால் அழுகை இல்லை.

வெண்ணிலா:
அப்படியென்றால் பாதிப் படத்துக்கு அவள் எங்கே போனாள்? சிறைக் காவலில் பார்த்த பெண் ஒன்றரை மணி நேரம் கழித்துப் பனிமலை மேல் முளைத்தால் காதல் காட்சியைவிட இது மோசம். காதலாவது அவள் அங்கே வருவதற்கு ஒரு காரணம்.

நூல்புழு:
இதில் வெண்ணிலா பக்கம்தான் நான். வைத்தால் முழுசாக வைக்க வேண்டும், எடுத்தால் முழுசாக எடுக்க வேண்டும். அரைகுறை டாரியலைவிட இல்லாத டாரியல் மேல்.

வெண்ணிலா:
இல்லாத டாரியல் மேல் என்று நான் சொல்லவில்லையே!

சத்தக்காரன்:
எல்லோரும் கதையைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்த வேலையில் பாதி சமரசம் ஒலியால் வருவது. படத்தைப் பத்து நிமிடம் தாண்டி வெட்டி ஒட்டலாம், ஹோவர்ட் ஷோரின் இசையை நடுவில் வெட்டினால் சங்கீதம் தெரியாதவர்கூடத் துள்ளி எழுந்துவிடுவார். 5.1 தடத்தில் வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில் இருக்கும், அதை மட்டும் பிரித்துப் பின்னணியை மாற்றிக்கொள்ளலாம் என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். நடுச் சேனலிலேயே காலடிச் சத்தமும் காற்றும் வாள் உரசலும் ஒட்டிக்கொண்டு வரும். இசையை எடுத்தால் அறையின் இரைச்சலும் சேர்ந்து போய், ஆள் கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிடும். அதனால் பல இடங்களில் எந்த ஷாட்டில் வெட்டுவது என்பதை இசைதான் முடிவு செய்யும். கதைக்கு வேண்டாத அரை நிமிடத்தைப் பாட்டு முடியட்டும் என்று விட்டுவைக்க வேண்டியிருக்கும்.

அந்த மரக்காட்சிக்கு இன்னொரு வில்லங்கம். தோரின் ஆசோக்கை நோக்கி நடக்கும்போது ஒலிப்பது லார்ட் ஆஃப் தி ரிங்ஸில் நாஸ்கூல் என்ற கறுப்பங்கிப் பேய்ச் சவாரிகளுக்குப் போட்ட இசை. நாஸ்கூலுக்கும் இவனுக்கும் என்ன உறவு என்று 2012இலேயே ரசிகர்கள் கேட்டார்கள். காட்சியை வைத்தால் அதையும் வைக்கிறீர்கள்.

கத்தரிக்கோல்:
அந்த இடத்தில் இசைத்தட்டிலிருந்து வேறு துண்டு போட்டுப் பார்த்தேன். தீ எரியும் சத்தம் இருப்பதால் ஒட்டு தெரியவில்லை. ஸ்மாக்தான் தோற்கடித்தது. குள்ளர்கள் உருகிய பொன்னை அவன் மேல் ஊற்றும் காட்சியை எடுத்தேன், நாவலில் இல்லாதது. அப்புறம் பார்த்தால் மலையை விட்டு அவன் வெளியேறும் ஷாட்டில் உடம்பெல்லாம் பொன், உதறிக்கொண்டு பறக்கிறான். அருமையான ஷாட், போட முடியாது. பில்போ ஓடுவதோடு நிறுத்தி நேரே ஏரி நகரத்து வானத்துக்குப் போய்விட்டேன்.

ஆனா_ஆவன்னா:
ஒரு அடிப்படைக் கேள்வி. 2013இல் வந்த ராஞ்ஜனா என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவமான அம்பிகாபதியை 2025 ஆகஸ்ட்டில் மறுவெளியீடு செய்தபோது, செயற்கை நுண்ணறிவால் முடிவை மாற்றி நாயகனைப் பிழைக்க வைத்தார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் எதிர்த்தார்கள். நாம் எல்லோரும் அவர்கள் பக்கம் நின்று கொதித்தோம். இப்போது ஜாக்சன் படத்தை ஒருவர் மாற்றினால் மட்டும் உட்கார்ந்து யோசனை சொல்கிறோம். என்ன வித்தியாசம்?

நூல்புழு:
அது காசுக்கு, திரையரங்கில், அசலின் இடத்தில் ஓடியது. இவர் விற்கவில்லை, அசல் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்பது இந்த வட்டத்தில் பொதுவான விதி. அதோடு அங்கே எடுக்காத காட்சியை உருவாக்கினார்கள்.

பாசிட்டிவ் ரீல்:
அம்பிகாபதியை மறுவெளியீடு செய்த நிறுவனம் சட்டப்படி தனக்கு உரிமை உண்டு என்றது, இவரால் அப்படிச் சொல்லக்கூட முடியாது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொந்தப் படத்தில் கை வைத்தாலே என்ன ஆகிறது என்று ஜார்ஜ் லூகாஸைப் பார்த்தோமே. 1988இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் போய்ப் பழைய படங்களை மாற்றக் கூடாது என்று வாதாடியவர், 1997இல் தன் ஸ்டார் வார்ஸையே மாற்றி வெளியிட்டார். கடைசியில் 1977இல் வந்த வடிவத்தைப் பழைய பிரிண்ட்களிலிருந்து தேடி மீட்டதும் ரசிகர்கள்தான். அந்த வேலைக்கு நான் எழுந்து நின்று கை தட்டுவேன். மீட்பது வேறு, மாற்றுவது வேறு.

கத்தரிக்கோல்:
அசல் எங்கேயும் போகவில்லை அண்ணா, கடையில் கிடைக்கிறது. சரி, ஆசோக்குக்கு வருவோம், ஒரு குறுக்கு வழி தோன்றியது. ஓர்க்குகள் பேசுவது அவர்கள் பாஷை, நமக்குப் புரிவது சப்டைட்டில் மட்டும். சப்டைட்டிலை மாற்றி அவனை போல்க் ஆக்கிவிட்டால்? நாவலில் ஓர்க் படையை நடத்துவது ஆசோக்கின் மகன் போல்க்தான்.

நூல்புழு:
ஐயோ, இது நன்றாக இருக்கிறதே.

பாசிட்டிவ் ரீல்:
நன்றாக இல்லை. மூத்த குள்ளர் பாலின் சொல்லும் பழைய போர்க் கதையில் தோரின் ஆசோக்கின் கையை வெட்டுகிறான், ஆசோக்கின் பெயரை பாலின் ஆங்கிலத்திலேயே சொல்கிறார். மரத்தடியில் வருகிறவனுக்கும் அதே கை இல்லை. அந்தப் பழங்கதையை எடுத்தால் தோரினுக்கு ஓக்கன்ஷீல்ட் என்ற பட்டப்பெயர் எப்படி வந்தது என்பது போய்விடும். தவிர மூன்றாம் பாகத்தில் போல்க் வேறு தனியாக வந்து நிற்கிறான், கீலியைக் கொல்வதே அவன். ஒரே பெயரில் இரண்டு பேரா?

இன்னொன்று கவனித்தீர்களா? பழங்கதை முடிந்ததும் அந்த ஓர்க் என்ன ஆனான் என்று பில்போ கேட்கிறான். காயத்தால் எப்போதோ செத்தான் என்று தோரின் சொல்கிறான். ஜாக்சன் கொஞ்ச நேரத்திலேயே ஆசோக்கை உயிரோடு காட்டிவிடுகிறார். அதற்கப்புறம் தோரின் அதிர்ச்சி அடையும்போது நமக்கு அதிர்ச்சி இல்லை. நடுவில் வரும் ஆசோக் காட்சிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மரத்தடியில் முதல்முறையாகக் காட்டினால், தோரினோடு சேர்ந்து பார்க்கிறவனும் நடுங்குவான்.

கத்தரிக்கோல்:
அண்ணா, எடிட்டிங்கே இல்லை என்று சொன்னது நீங்கள்தானே?

பாசிட்டிவ் ரீல்:
இப்போதும் இல்லை என்றுதான் சொல்கிறேன். கெட்ட சட்டையாக இருந்தாலும் பொத்தான் சரியாக இருக்கட்டுமே என்றுதான்.

நூல்புழு:
காட்சி நன்றாக வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செத்தவன் உயிரோடு வருவது இப்போது இன்னும் அழுத்தமாகிவிட்டது. நாவலிலிருந்து நீங்கள் இன்னும் தள்ளிப் போயிருக்கிறீர்கள், கவனிக்கவும். "நாவல் பதிப்பு" என்ற பெயரை எடுத்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

கத்தரிக்கோல்:
பெயரை எடுத்துவிட்டேன். "ஒரே பயணம்" என்று மாற்றியாச்சு. டாரியல் விஷயத்தில் வெண்ணிலா கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. ஏரி நகரத்துக்கு அவள் போவதற்குக் காதல் இல்லாத ஒரு ஷாட் தேவை. எல்ஃப் இளவரசன் லெகோலாஸோடு ஆற்றங்கரையில் பேசும் காட்சியில், எல்லைக்கு வெளியே பரவும் தீமையை நாம் பார்த்துக்கொண்டு இருப்பதா என்கிற பாணியில் ஒரு வாதம் வருகிறது. அதை வைத்து அனுப்பலாமா?

வெண்ணிலா:
அதை வைத்தால் லெகோலாஸும் கூடவே வருவார். உங்கள் நாலேகால் மணி நேரம் பத்தாது.

சத்தக்காரன்:
அந்தக் காட்சி முழுக்க ஆற்றுச் சத்தம் ஓடுகிறது. எங்கே வெட்டினாலும் மூடிக்கொள்ளலாம். ஆடியோவை மட்டும் எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்.