‘அஜிடேஷன்’ = துழாவல்?

வணக்கம் நண்பர்களே,

படம் பிடித்த பிலிமை ரசாயனத் தொட்டியில் இட்டுப் படத்தை வெளிக்கொணரும்போது, பிலிமை ஒட்டிய திரவம் தேங்காமல் அசைத்துக்கொண்டே இருப்பதுதான் ‘அஜிடேஷன்’ (agitation). பிலிம் பிராசஸிங் சொற்பட்டியலில் இதற்குக் ‘கிளர்ச்சி’ என்று இட்டிருப்பதை ஏற்க மனம் வரவில்லை. தெருவில் நடப்பதுதான் கிளர்ச்சி. தொட்டிக்குள் நடப்பதற்கு வேறு சொல் வேண்டும். ‘குலுக்கல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கையால் கவிழ்த்து நிமிர்த்தும் சிறு டப்பாவுக்கு அது சரி. சினிமா லேபில் யாரும் எதையும் குலுக்குவதில்லை. படச்சுருள் உருளைகள்மேல் ஏறி இறங்கி, டெவலப்பர் (படத்தை வெளிக்கொணரும் ரசாயனத் திரவம்) தொட்டிக்குள் ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஓடுகிறதே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. பிலிமின் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய திரவப் படலமும் கூடவே பயணிக்கிறது. ஒளி அதிகம் பட்ட இடத்தில் டெவலப்பர் விரைவாகத் தீர்கிறது. அங்கே வினையின் கழிவாக வெளிப்படும் புரோமைடு, வேதிவினையையே மந்தப்படுத்துகிறது. அந்தச் சோர்ந்த திரவம் பின்னால் வரும் பகுதியின்மேல் வழியும்போது அங்கே கருமை குறைகிறது. நெகட்டிவில் வெளிறிய கோடு. பிரிண்டில், பிரகாசமான விளக்குக்கு வால் முளைத்ததுபோல ஒரு கருங்கோடு. இதைப் ‘புரோமைடு இழுவை’ எனலாம். ஓரத் துளைகளிலோ நேர்மாறு: துளை வழியே திரவம் பாய்ந்து அருகிலுள்ள இடத்தை மிகையாக டெவலப் செய்து கருமையைக் கூட்டிவிடுகிறது. நிழற்படத்தில் இது ஒரு கறையோடு முடியும். நொடிக்கு 24 சட்டகம் ஓடும் திரையில், சட்டகத்துக்குச் சட்டகம் மாறும் கறை துடிக்கத் தொடங்கிவிடும்.

ஆகவே நமக்கு வேண்டிய சொல் பிலிமின் அசைவைச் சொல்வதல்ல. பிலிமை ஒட்டிய பழைய திரவத்தை விலக்கிப் புதியதைச் சேர்ப்பதைச் சொல்வது. ‘அலசல்’ நெருங்கி வருகிறது. ஆனால் பிராசஸிங்கில் நீரில் கழுவுவது தனிக் கட்டம், இரண்டும் குழம்பும். ‘கலக்கல்’, ரசாயனம் கரைப்பதற்கே தேவைப்படும்.

என் பரிந்துரை: துழாவல். துடுப்பு நீரைத் துழாவுகிறது. திரவத்தின்மேல் செய்யும் வேலை என்பது சொல்லிலேயே இருக்கிறது. இருட்டில் தேடுவதையும் ‘துழாவுதல்’ என்கிறோமே என்றால், இடம் நோக்கிப் பொருள் தெளியும். தொட்டிக்குள் அழுத்தத்தோடு திரவத்தைப் பீய்ச்சும் அமைப்பு ‘துழாவுத் தாரை’. நைட்ரஜனை விட்டுவிட்டுச் செலுத்தும் முறை ‘குமிழித் துழாவல்’.

‘வன்துழாவல்’ என்ற சொல்லை மட்டும் பட்டியலில் சேர்க்க வேண்டாம். வேகம் கூடினால் சீர்மை வந்துவிடாது. தாரை ஒரே இடத்தில் விழுந்தால் அதுவே புதுக் கோடு போடும். ‘சீர்துழாவல்’ என்பதே தேவை. மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.