ஆரோக்கியப்பச்சை திருகோணமலையில எடுக்கலாமா?

உப்புவெளியான்:
எல்லாருக்கும் வணக்கம். இந்தியாவில அகத்தியமலையில இருக்கிற காணி எண்ட பழங்குடி ஆக்கள் காட்டுக்குள்ள நடக்கேக்க ஆரோக்கியப்பச்சை எண்ட மூலிகையின்ட காய் சாப்பிடுறவங்களாம், களைப்பே வராதாம். அப்பா வயலால வந்தா சாப்பிடக்கூட ஏலாம அப்படியே படுத்திடுறார், பார்க்கக் கவலையா இருக்கு. டவுன்ல மருந்துச்சரக்குக் கடையில கிடைக்குமா, இல்லாட்டி கன்னியாக் காட்டுப் பக்கம் முளைக்குமா?

பச்சிலை:
தம்பி கன்னியாவில தேடி மினக்கெடாதீங்க. நல்ல நிழலும் ஈரமும் உள்ள காட்டிலதான் அது வரும், எங்கட வெயிலுக்குத் தாங்காது. இலங்கையிலயும் இருக்கு, ஆனா தெற்கால ஈரவலயக் காடுகள்ள, சிங்களத்தில பிம்பொல் எண்டுவாங்கள். நிலத்தோட நிக்கிற சின்னச் செடி, மெல்லிய தண்டு, பூவும் காயும் இலையடியிலயே வரும்.

மூதூர் அக்கா:
இந்தச் செடியின்ட கதையையும் தெரிஞ்சு வைச்சிருங்கோ. 1987ல ஆய்வாளர்மார் அந்த மலைக்குப் போகேக்க அவங்களுக்கு மூச்சு வாங்குது, கூடப் போன காணி ஆக்கள் ஒரு காயைச் சப்பிக்கொண்டு சும்மா நடக்கிறாங்கள். என்ன காய் எண்டு கேட்டா உடன சொல்லேல்ல, வெளியாக்களுக்குச் சொல்லுற விசயமில்ல எண்டவங்கள். பிறகு செடியைக் காட்டினவங்கள், அதைக் கேரளாவில பாலோடு தாவரவியல் தோட்டத்தில ஆராய்ஞ்சு, இலையோட அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து ஜீவனி எண்டு மருந்தாக்கினவங்கள். கோயம்புத்தூர் கம்பனி ஒண்டுக்கு 10 லட்சம் இந்திய ரூபாய்க்கு அதைச் செய்யிற உரிமையைத் தோட்டம் குடுத்தது, அந்தக் காசிலயும் விற்பனையில வந்த 2 வீதத்திலயும் பாதி காணி ஆக்களுக்கு எண்டு அப்ப முடிவு. 1997ல அவங்கட பேரில நிதியமும் பதிஞ்சது. எத்தினை நாட்டு வைத்தியர்மார்ட அறிவை ஆரோ போத்தல்ல அடைச்சு விக்கிறாங்கள், சொல்லிக் குடுத்தவருக்கு ஒரு சதம் போறேல்ல, அதால எனக்கு இது பெரிய விசயம். ஆனா பிறகு காணி ஆக்கள் அந்தச் செடிய வளர்த்து விக்கப் போக வனத்துறை மறிச்சது, அது சரியான அநியாயம்.

உப்புவெளியான்:
நன்றி அக்கா, இவ்வளவு தெரியாது. அப்ப ஒன்லைன்ல விக்கிற தூள் எடுக்கலாமா?

பச்சிலை:
எந்தக் காட்டில எடுத்தது, ஆர் செய்தது எண்டு தெரியாத தூளை அப்பாக்குக் குடுக்காதீங்க. காணி ஆக்கள் சாப்பிடுறது பச்சைக் காய், நடக்கேக்க மட்டும். முதல்ல சுகரும் ரத்தமும் செக் பண்ணுங்கோ, வயல் வேலை செய்யிற மனுசன் இப்பிடிக் களைக்கிறதெண்டா கிட்னியையும் ஒருக்காப் பார்க்கச் சொல்லுங்கோ.