மஹிந்திரா தார் ஜீப்பை 2 அங்குலம் உயர்த்த வேண்டும்: நானே செய்யலாமா?

கேள்வி: என் 2022 தாரின் அடிப்பகுதி ஏலத்தோட்டப் பாதையில் கல்லில் உரசுகிறது. வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட்டை வீட்டிலேயே மாட்டலாமா, மெக்கானிக்கிடம் விடலாமா?

பதில் 1: பின்பக்கம் நீங்களே செய்யலாம். முன்பக்கத்தைத் தொடாதீர்கள் தம்பி. முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி ஒருமுறை என் கையில் நழுவியது. ஸ்பிரிங் பாய்ந்து கொட்டகைத் தகரத்தைக் கிழித்தது. அங்கே என் முகம் இருந்திருக்கலாம். இன்னொன்று: ரப்பர் புஷ் (அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளை) உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நின்ற பிறகே இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும்.

பதில் 2: யார் மாட்டினாலும் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) கட்டாயம். நான் தள்ளிப்போட்டேன், டயரின் ஓரத்தில் நூல் தெரிந்துவிட்டது.

பதில் 3: வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும் படித்துவிடுங்கள்.

கேட்டவர்: நன்றி அண்ணா. முன்பக்கத்தை மெக்கானிக்கிடமே விடுகிறேன்.