பருவநிலை மாற்றத்தைப் பற்றிய அச்சம் உறங்க விடுவதில்லை: எப்படிச் சமாளித்தீர்கள்?

பிடோக்வாசி:
வணக்கம். கணவர், மாமியார், நான்கு வயது மகள் ஆகியோருடன் சிங்கப்பூரின் பிடோக்கில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறேன். இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் நம்மைச் சூழ்ந்துள்ள கடலின் மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று 2024 ஜனவரியில் வெளியான தேசியப் பருவநிலை ஆய்வு கூறியதைப் படித்த நாள்முதல், 2100இல் என் மகள் எண்பது வயதை நெருங்கியிருப்பாள் என்ற ஒரே கணக்கையே மனம் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறது. நள்ளிரவில் மழைச் சத்தம் கேட்டால் எழுந்து, வெள்ள எச்சரிக்கை ஏதும் வந்திருக்கிறதா என்று கைப்பேசியைப் பார்க்கிறேன். நாங்கள் இருப்பதோ பதினொன்றாவது மாடி! குளிரூட்டியைப் போட்டால் குற்ற உணர்வு வாட்டுகிறது. அணைத்தால் புழுக்கம் தாளாமல் மகள் அழுகிறாள், "பிள்ளையை வேக வைக்காதே" என்று மாமியார் கடிந்துகொள்கிறார்.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்பது கணவரின் பதில். கடலோரப் பாதுகாப்புக்கு நூறு ஆண்டுகளில் 100 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளியோ (டாலரோ) அதற்கு மேலோ தேவைப்படலாம் என்று 2019 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் கூறியதை நானும் அறிவேன். அந்தத் தொகையைக் கேட்டால் எனக்குக் கலக்கம்தான் கூடுகிறது. இரண்டாவது குழந்தையைப் பற்றிய பேச்சை ஓராண்டாகத் தள்ளிப்போட்டு வருகிறேன். இந்த நிலையைக் கடந்து வந்தவர்கள் வழி கூறுங்கள்.

பழைய கம்பத்துக்காரர்:
மகளே, 1978 டிசம்பரில் ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது பொத்தோங் பாசிர் கம்பத்தில் (கிராமத்தில்) நான் பதினைந்து வயதுப் பையன். அம்மா அரிசி டின்னை அலமாரிக்கு மேல் ஏற்றிப் பழைய சேலையால் கட்டி வைத்தார். வெள்ளம் வடிந்த பிறகும் சுவரில் படிந்த சேற்றுக்கோடு, நாங்கள் வீடு மாறிப் போகும் வரை அப்படியே இருந்தது. 1970களில் ஏறத்தாழ 3,200 ஹெக்டராக இருந்த வெள்ள அபாயப் பகுதிகள், கால்வாய்களை அகலப்படுத்தியும் தரையை உயர்த்தியும் பல ஆண்டுகள் பாடுபட்டதால் இன்று சுமார் 30 ஹெக்டராகச் சுருங்கியுள்ளன. ஆகவே உன் கணவர் சொல்வதைப் புறந்தள்ளிவிடாதே.

மனநல ஆலோசகர்:
ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆயினும் கால்வாய் நம் கைக்குள் இருந்தது. உலகக் கரிம வெளியேற்றத்தில் நம் நாட்டின் பங்கோ ஏறத்தாழ 0.1 விழுக்காடுதான். கைக்குள் அடங்காத ஒன்றுக்கு அஞ்சுகிறவரிடம் "அன்றும் சமாளித்தோம்" என்று கூறினால், தம் பேச்சு காதில் ஏறவில்லை என்றே அவர் எண்ணக்கூடும்.

சகோதரி, இந்த அச்சம் உங்களுக்கு மட்டும் வந்ததன்று. பத்து நாடுகளில் 16 முதல் 25 வயது வரையிலான 10,000 இளையர்களிடம் நடத்தப்பட்டு, 2021இல் 'லான்செட் பிளானட்டரி ஹெல்த்' இதழில் வெளியான ஆய்வில், 59 விழுக்காட்டினர் மிகவும் கவலைப்படுவதாகக் கூறினர். இருக்கும் ஆபத்தை எண்ணி வருந்துவது நோயன்று. ஆனால் நள்ளிரவில் கைப்பேசியை எடுப்பதுதான் முடிச்சு: பார்த்தவுடன் ஒரு நிமிடம் நிம்மதி கிடைக்கிறது, அந்த ஒரு நிமிடத்துக்காகவே அடுத்த மழைக்கும் மனம் உங்களை எழுப்பிவிடுகிறது. கைப்பேசியை வரவேற்பறையில் வைத்துவிட்டு, மாலையில் கால் மணி நேரத்தை மட்டும் இச்செய்திகளுக்கு ஒதுக்கி, தோன்றும் கவலைகளைத் தாளில் எழுதுங்கள். அந்த 1.15 மீட்டர், உலகம் வெளியேற்றத்தைக் குறைக்காமலே போனால் எட்டக்கூடிய உச்ச வரம்பு என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குளிரூட்டியை 25 டிகிரியில் வைத்து, மின்விசிறியையும் சுழல விட்டு, மகளை உறங்க வையுங்கள். அதில் பாவம் ஏதுமில்லை.

குழந்தையைப் பற்றிய முடிவு உங்கள் இருவருடையது. அதை இரவு இரண்டு மணிக்கு எடுக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்து வேலையும் பாதிக்கப்பட்டால் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள். மனம் மிகவும் கனக்கும் வேளையில் சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் 1767 என்ற உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

சேற்றுக்கால்:
அக்கா, தொடக்கக் கல்லூரியில் படித்தபோது எனக்கும் இதே நிலைதான். நண்பன் ஒருவன் விடியற்காலை நீர் வற்றும் நேரத்தில் சாங்கிக் கடற்கரைக்கு இழுத்துச் சென்றான். கைவிளக்கு ஒளியில் ஒரு நட்சத்திர மீன் மணலில் மெல்ல ஊர்ந்து புதைவதைக் கால் மணி நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அச்சம் அகன்றுவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். சேற்றில் நிற்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் 2100 நினைவுக்கு வருவதில்லை, அவ்வளவுதான். புலாவ் உபின் தீவில் உள்ள செக் ஜாவா என்ற கடலோர ஈரநிலத்தை மண்ணிட்டு நிரப்பும் திட்டம் 2001 இறுதியில் ஒத்திவைக்கப்பட்டதற்கு, அங்கு நடந்து திரிந்து உயிரினங்களைப் பதிவு செய்த தன்னார்வலர்களின் உழைப்பும் ஒரு காரணம். இந்த 0.1 விழுக்காட்டுக் கணக்கைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்தாம் நினைவுக்கு வருகிறார்கள்.

பிடோக்வாசி:
அனைவருக்கும் நன்றி. நேற்று கைப்பேசியைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டுப் படுத்தேன். மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. எழுந்து அலமாரி வரை போய், தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினேன். உறங்க ஒரு மணி நேரம் ஆயிற்று. தம்பி, சாங்கிக்கு நான்கு வயதுப் பிள்ளையை அழைத்து வரலாமா? காலுக்கு என்ன போட்டுவிட வேண்டும்?