முதல் நாள் ஒரு ஊசி, மறுநாள் வேறு ஊசி

தம்பி முத்து: அக்கா, அண்ணனுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தொடையில் ராடு வைத்திருக்கிறார்கள். ஒரு சந்தேகம். ஆக்சிடென்ட் ஆகிக் கொண்டுவந்தவுடன் ரத்தம் நிற்க ஊசி போட்டார்கள். இப்போது வயிற்றில் போட ஒன்று எழுதியிருக்கிறார்கள், ரத்தம் உறையாமல் இருக்கவாம். நேர்மாறாக இருக்கிறதே?

தென்காசி சித்தி: போட விடாதே முத்து. நின்ற ரத்தம் திரும்ப ஒழுக ஆரம்பித்தால் என்ன செய்வது?

டாக்டர் அக்கா: சித்தி, தடுக்காதீர்கள். இரண்டு ஊசியும் சரிதான்.

டாக்டர் அக்கா: பலத்த அடி பட்டால் ரத்தம் உறையும் தன்மையே கெட்டுப்போகலாம். தொடை எலும்பு முறிந்தால், வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் உள்ளே ஒன்றரை லிட்டர் வரை தேங்கலாம். உடம்பில் மொத்தமே ஐந்து லிட்டர்தான். உறுப்புகளுக்கு ரத்தம் போதாதபோது, ரத்தக்குழாயின் உள்சுவரிலிருந்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் பொருள் ஏராளமாக வெளியேறும். உறைதலை அடக்கும் புரோட்டீன் சி-யும் வேலையைத் தொடங்கிவிடும். கட்டியை இறுக்கிப் பிடிக்கும் ஃபைப்ரினோஜன்தான் முதலில் தீரும். லண்டனில் செய்து 2003இல் வெளியான ஆய்வில், பலத்த காயத்தோடு வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதே உறைதல் கெட்டிருந்தது.

பெரியப்பா: அன்றைக்கு குளுக்கோஸ் பாட்டில் அதிகம் ஏற்றவில்லை அம்மா. ரத்தமும் பிளாஸ்மாவும்தான் ஏற்றினார்கள். எனக்குக் கவலையாகவே இருந்தது.

டாக்டர் அக்கா: அதுதான் நல்லது பெரியப்பா. பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றினால் மிச்சமிருக்கும் உறைபொருளும் நீர்த்துப்போகும், உடம்பும் குளிரும். குளிர்ந்தாலும் சரி, ரத்தத்தில் அமிலம் கூடினாலும் சரி, உறைதல் இன்னும் மோசமாகும்.

தென்காசி சித்தி: ஓ, அதனால்தான் 108-இல் கம்பளி போர்த்தினார்களா?

டாக்டர் அக்கா: ஆமாம் சித்தி. மார்கழிக் குளிரில் பால் சீக்கிரம் உறைகிறதா?

தம்பி முத்து: முதலில் போட்டது டிரானெக்சாமிக் ஆசிட் என்று சீட்டில் இருக்கிறது.

டாக்டர் அக்கா: உருவான கட்டி கரையாமல் காக்கும் மருந்து. ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும் கண்டுபிடித்து 1962இல் வெளியிட்டார்கள். பிரசவத்தில் ரத்தப்போக்கால் தாய்மார்கள் இறப்பதைத் தடுக்க வேண்டும் என்பது அந்த அம்மாளின் தவிப்பு. அடிபட்டவர்களிடம் இந்த மருந்தைச் சோதித்து 2010இல் வெளியான ஆய்வில் 40 நாடுகளில் 20,000 பேருக்கு மேல் சேர்த்தார்கள், இந்தியாவும் உண்டு. சாவு குறைந்தது. ஆனால் அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாண்டினால் கெடுதல்கூட வரலாம். நீ உடனே 108-ஐக் கூப்பிட்டாயே முத்து, அது எவ்வளவு பெரிய காரியம் தெரியுமா!

பெரியப்பா: சரி, இன்றைய ஊசி?

டாக்டர் அக்கா: ஓரிரு நாளில் நிலைமை தலைகீழாகிவிடும். கல்லீரல் ஃபைப்ரினோஜனை அளவுக்கு மீறி உண்டாக்கும், கரைக்கும் வேலை மந்தமாகும். அவனும் காலை அசைக்காமல் படுத்திருக்கிறான். கால் ரத்தக்குழாயில் கட்டி உருவாகி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதைத் தடுக்கத்தான் வயிற்று ஊசி. தலைக்குள் ரத்தக்கசிவு இருந்திருந்தால் கொஞ்சம் தள்ளிப்போட்டிருப்பார்கள். அவனுக்குத் தலை ஸ்கேனில் ஒன்றும் இல்லை.

தென்காசி சித்தி: சரிம்மா, புரிந்தது. நாளைக்கு வரும்போது நல்லெண்ணெய் கொண்டுவந்து காலை நீவிவிடட்டுமா?

டாக்டர் அக்கா: ஐயோ, வேண்டவே வேண்டாம் சித்தி. உள்ளே கட்டி இருந்தால் நகர்ந்துவிடும். பாதத்தை மட்டும் அவனாகவே மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள்.

தம்பி முத்து: ஊசி போட்டாயிற்று அக்கா. தொப்புளுக்குப் பக்கத்தில் தோலை மடித்துப் பிடித்துப் போட்டார்கள். தேய்க்கக் கூடாதாம். எத்தனை நாள் போட வேண்டியிருக்கும்?

டாக்டர் அக்கா: டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேள். வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரம் தொடரச் சொல்லலாம், நடுவில் நிறுத்தாதீர்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, நடுராத்திரி என்றாலும் நர்ஸைக் கூப்பிடு.

பெரியப்பா: எழுதி வைத்துக்கொண்டேன். இன்று ராத்திரி நான் துணைக்கு இருக்கிறேன் முத்து, நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு.