பள்ளிக்குப் போக மறுக்கும் பையன்: பெங்களூரில் காட்டியவர்கள் சொல்லுங்கள்

மதுரையில் இருக்கிறோம். பையன் எட்டாம் வகுப்பு. காலாண்டு விடுமுறை முடிந்ததிலிருந்து பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறான். ஞாயிறு சாயங்காலமே முகம் வாடிவிடும். காலையில் ஷூவில் ஒரு காலை விட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். பத்து மணிக்கு மேல் வலி போய்விடும், தோசை கேட்பான். நடிப்பு என்கிறார் மாமியார். வியர்த்து ஜில்லிட்டிருக்கும் கையைத் தொட்டுப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் நார்மல். பூச்சி மருந்து, மந்திரிப்பு, செக்‌ஷன் மாற்றம், எதுவும் பலிக்கவில்லை. அப்புறம் ஒரு மனநல மருத்துவர் பதற்ற நோய் என்றார். இன்னொருவர் மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினார். பள்ளி மறுப்பு தனி நோயல்ல, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதுவரை புரிகிறது.

பெங்களூரில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் குழந்தைகள் மனநலப் பிரிவில் பிள்ளையைக் காட்டியவர்களுக்கு, இன்ன நோய் என்று தெரிய அங்கே எத்தனை நாள் தங்க வேண்டியிருந்தது?