தேசிய தின விடுமுறையில் மாமியாரோடும் பிள்ளைகளோடும் கோலாலம்பூர்: ரயிலா, காரா?

கேள்வி (சுங்கை சிப்புட்டிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) குடியிருக்கிறோம். ஆகஸ்டு 31 இம்முறை திங்கட்கிழமையில் வருவதால், சனிக்கிழமை காலை புறப்பட்டு, கோலாலம்பூரில் இரண்டு இரவு தங்கி, தேசிய தின அணிவகுப்பைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை இரவுக்குள் வீடு திரும்பலாம் என்று எண்ணுகிறோம். நான், கணவர், தமிழ்ப்பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், எண்பதை நெருங்கும் என் மாமியார் என ஐந்து பேர்.

இந்தப் பயணமே மாமியாருக்காகத்தான். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, பால்மரம் வெட்டி, ரப்பர்ப் பால் எடுத்தே பிள்ளைகளை ஆளாக்கியவர் அவர். நாடு சுதந்திரம் பெற்றபோது சிறுமியாக இருந்தாராம். சுதந்திரம் பிறந்த அந்த இடத்தை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இப்போது அவருக்கு முழங்கால் வலி. படி ஏறும்போது கைப்பிடியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து, மூச்சு வாங்கிய பிறகே அடுத்த படிக்குப் போவார்.

சனிக்கிழமை காலை எங்கள் ஊரில் நிற்கும் இ.டி.எஸ். விரைவு மின்ரயிலில் ஐந்து இருக்கைகள் கிடைக்கவில்லை. காரில் போனால் நெடுஞ்சாலை நெரிசலை நினைத்து அச்சமாக இருக்கிறது. எப்படிப் போவது, எங்கே தங்குவது? அணிவகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை இரட்டைக் கோபுரத்தின் வான்பாலத்திற்கு அழைத்துச் செல்ல முடியுமா?

மறுமொழி (ஈப்போவாசி)

சகோதரி, சுங்கை சிப்புட்டிலிருந்து மட்டும் தேடாமல், ஈப்போவிலிருந்தும் தேடிப் பாருங்கள். வடக்கேயிருந்து வரும் ரயில்கள் பட்டர்வொர்த்திலும் பாடாங் பெசாரிலுமே நிரம்பிவிடும். ஆனால் ஈப்போவிலேயே புறப்படும் இ.டி.எஸ். சேவைகளும் உண்டு, அவற்றில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். உங்கள் ஊரிலிருந்து ஈப்போ நிலையத்திற்குக் காரில் வந்துவிடலாம், அங்கிருந்து கோலாலம்பூரின் முதன்மை ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலுக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் பயணம். ஐந்து இருக்கைகளும் ஒரே பெட்டியில் வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். மூன்றும் இரண்டுமாகக் கிடைத்தாலும் எடுத்துவிடுங்கள்.

நெடுஞ்சாலையைப் பற்றி நீங்கள் அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. நீண்ட விடுமுறைகளில் பெரும்பாலும் தலைநகரில் இருப்பவர்கள்தான் வெள்ளி இரவும் சனி காலையும் வடக்கே வருவார்கள். திங்கள் மாலை தெற்கே திரும்புவார்கள். உங்கள் பயணம் அதற்கு நேர் எதிர்த்திசையில் அமைகிறது. காரில் போவோருக்கு உண்மையான தொல்லை ஜாலான் டூத்தா டோல் சாவடியைத் தாண்டிய பிறகுதான். ஒத்திகைக்காகவும் விழாவுக்காகவும் சாலைகள் மூடப்படும், வண்டி நிறுத்த இடமும் கிடைக்காது. மாமியாரின் முழங்காலை எண்ணினால் நான் ரயிலைத்தான் சொல்வேன்.

மறுமொழி (பிரிக்பீல்ட்ஸ்வாசி)

தங்குவதற்கு எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பகுதியே உங்களுக்கு ஏற்றது. கே.எல். சென்ட்ரலுக்கு மிக அருகில் இருக்கிறது, சைவ உணவுக்கும் குறைவில்லை. இங்குள்ள முதன்மைச் சாலைக்கு உங்கள் ஊரில் 1919இல் பிறந்த, சுதந்திர காலத் தலைவர்களில் ஒருவரான துன் சம்பந்தனின் பெயர்தான் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். விடுதியைப் பதிவு செய்யும்போது மின்தூக்கி உண்டா என்று தொலைபேசியில் கேளுங்கள், ஏனெனில் கடைவீட்டு மாடியில் நடத்தப்படும் சில சிறிய விடுதிகளில் படிக்கட்டு மட்டுமே இருக்கும்.

அடுத்தது முக்கியமானது. தேசிய தின அணிவகுப்பு ஒவ்வோர் ஆண்டும் தலைநகரில் நடப்பதில்லை. 2022இல் கோலாலம்பூரின் டத்தாரான் மெர்டேக்காவில் (சுதந்திரச் சதுக்கத்தில்) நடந்தது. 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் அரசு நிர்வாக நகரான புத்ராஜெயாவில் நடந்தது. இவ்வாண்டுக்கான அரசு அறிவிப்பைப் பார்த்த பிறகே திங்கட்கிழமைத் திட்டத்தை முடிவு செய்யுங்கள். புத்ராஜெயா என்றால் கே.எல். சென்ட்ரலிலிருந்து நேரடி ரயில் உண்டு.

மாமியார் பார்க்க விரும்புவது எந்த இடம் என்பதையும் அவரிடமே கேளுங்கள். 1957 ஆகஸ்டு 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கி நம் கொடி ஏறியது சிலாங்கூர் கிளப் திடலில், அதாவது இன்றைய டத்தாரான் மெர்டேக்காவில். மறுநாள் காலை முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்து ஏழு முறை 'மெர்டேக்கா' என்று முழங்கியது மெர்டேக்கா அரங்கில். பலர் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. ஈப்போவிலிருந்து ஐந்து இருக்கைகளும் கிடைத்துவிட்டன. மாமியாரிடம் கேட்டதும் தயங்காமல் அரங்கத்தைத்தான் சொன்னார். தோட்டக் கிராணி (எழுத்தர்) வீட்டு வானொலியைச் சன்னலில் வைத்திருந்ததாகவும், முழக்கத்தைக் கேட்ட பெரியவர்களும் கூடவே கத்தியதாகவும் சொன்னார். அரங்கத்திற்கு எப்படிப் போவது? அணிவகுப்புக்கு அவரை அழைத்துப் போகலாமா?

மறுமொழி (ரவாங்வாசி)

அம்மா, அணிவகுப்புக்கு மட்டும் அவரை அழைத்துப் போகாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். நிகழ்ச்சி காலை எட்டு மணியளவில் தொடங்கும் என்றாலும், முன்வரிசையில் இடம் பிடிப்பவர்கள் விடியும் முன்பே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நிழல் இல்லாத சாலையோரத்தில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும், இடையில் கழிவறைக்கு எழுந்து போனால் கூட்டத்தைப் பிளந்து திரும்புவது முதியவர்களால் ஆகாது. என் தாயாரை வைத்துக்கொண்டு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கணவர் பெரிய பிள்ளையை மட்டும் அழைத்துக்கொண்டு போகட்டும். மற்றவர்கள் விடுதியில் தொலைக்காட்சி நேரலையில் பார்க்கலாம்.

அரங்கத்தை ஞாயிறு காலையில் வைத்துக்கொள்ளுங்கள். கே.எல். சென்ட்ரலிலிருந்து கூரையிட்ட நடைவழியில் முசியம் நெகாரா எம்.ஆர்.டி. நகர ரயில் நிலையம் செல்லலாம், அங்கிருந்து பசார் செனிக்கு அடுத்த நிலையமே மெர்டேக்கா. நிலையத்தில் மின்தூக்கி உண்டு, அரங்கமும் அருகில்தான். உள்ளே அனுமதிப்பார்களா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வான்பாலம் திங்கட்கிழமைகளில் வழக்கமாக மூடியிருக்கும். ஆகவே அதைச் சனி மாலைக்கு மாற்றி, நுழைவுச்சீட்டை இணையத்தில் இப்போதே வாங்கிவிடுங்கள். டத்தாரான் மெர்டேக்காவையும் காட்ட விரும்பினால், எல்.ஆர்.டி. நகர ரயிலில் கே.எல். சென்ட்ரலிலிருந்து இரண்டாவது நிலையமான மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கலாம். ஆனால் விழா அங்கே நடக்கும் ஆண்டாக இருந்தால் ஞாயிறன்றே தடுப்புகள் நிற்கும் என்பதால், அதைக் கட்டாயத் திட்டமாக வைக்காதீர்கள்.

மறுமொழி (ஈப்போவாசி)

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். திரும்பும் சீட்டையும் இன்றே வாங்கிவிடுங்கள். திங்கட்கிழமை நண்பகல் ரயில் வேண்டாம். அணிவகுப்பு முடிந்து கூட்டம் கலைந்து உங்கள் கணவர் விடுதிக்கு வந்து சேரவே நேரமாகிவிடும், ஆகவே மாலை நான்கு மணிக்குப் பிந்திய ரயிலே பாதுகாப்பானது. பதிவில் மாமியாரை மூத்த குடிமகன் பிரிவில் சேர்த்தால் கட்டணச் சலுகை உண்டு. பயணத்தின்போது அவருடைய அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.